மாட்டின் பல்லும் மனிதன் முகமும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்)

உலகில் தோன்றிய உயிர்கள் பிறக்கின்றன, வளர்கின்றன, மூப்படைகின்றன, மறைகின்றன. இந்நான்கில் பிறப்பையும் மறைவையும் பற்றி நாம் பேசாத நாளில்லை. மூப்பைப் பற்றி மட்டும் அதிகம் பேசுவதில்லை. அது நம் வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்திருக்கிறது என்பதனால் போலும்!

மனிதனுக்கு மூப்பு வந்தால் எதிரே வருகிற அனைவருக்கும் அது தெரிந்துவிடுகிறது. தலை நரைக்கிறது, தோல் சுருங்குகிறது, பல் விழுகிறது, முதுகு கூனுகிறது, கைக்குக் கோல் வந்துவிடுகிறது. 'நரை, திரை, மூப்பு' என்று அடுக்கிச் சொல்லும் வழக்கம் நம் மொழியில் நெடுங்காலமாக உண்டு. நரை முடியில் தெரிவது. திரை தோலில் தெரிவது. ஆனால் கோயில் கோபுரத்தில் வரிசையாக அமர்ந்திருக்கும் புறாக்களைப் பாருங்கள். அவற்றுள் எது பாட்டி, எது பேத்தி என்று யாரேனும் சொல்ல முடியுமா? மந்தையில் மேயும் ஆடுகளுள் கிழ ஆடு எதுவென்று தொலைவிலிருந்து காட்ட முடியுமா?

விலங்கியல் படிக்க வந்த நாள்தொட்டு இக்கேள்வி என் மனத்தில் உண்டு. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். ஆனால் விலங்கின் வயதைக் கண்டறியும் கலை எனக்கு முன்பே எங்கள் வீட்டில் இருந்தது. அதனையும் வகுப்பறையில் கேட்டதனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்குத் தோன்றியவற்றை இங்கே எழுதுகிறேன்.

சந்தையில் கற்ற பாடம்

என் தாத்தாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது, கைநாட்டுத்தான். ஆனால் மணப்பாறை மாட்டுச் சந்தையில் அவர் ஒரு மாட்டின் கீழுதட்டை இழுத்துப் பார்த்தால் போதும். அதன் வயதைச் சொல்லிவிடுவார். தரகர் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுவதெல்லாம் அதற்குப் பிறகுதான். சிறுவனாக இருந்த நான் அவர் இடுப்புத் துண்டைப் பிடித்துக்கொண்டு நின்று இவற்றையெல்லாம் பார்த்திருக்கிறேன்.

மாட்டுக்கு மேல்தாடையில் முன்பற்களே இல்லை. அவ்விடத்தில் கெட்டியான திண்டு போன்ற ஒரு பகுதிதான் உண்டு. கீழ்த்தாடையில் மட்டும் எட்டு முன்பற்கள். கன்றுப் பருவத்தில் இவை பால்பற்கள். ஏறத்தாழ இரண்டு வயதில் நடுவில் உள்ள இரண்டும் விழுந்து அகன்ற நிலைப்பற்கள் முளைக்கின்றன. அப்போது சந்தைப் பேச்சில் அது 'ரெண்டு பல்லு'. மூன்று வயதை ஒட்டி 'நாலு பல்லு'. நான்கு வயதை ஒட்டி 'ஆறு பல்லு'. ஐந்து வயதளவில் எட்டும் நிரம்பிவிட்டால் 'கடை சேர்ந்த மாடு' என்பார்கள். அதற்கு மேல் பல் தேய்ந்திருக்கும் அளவைக் கொண்டுதான் கணக்கு.

பசுவுக்கு இன்னொரு சாட்சியும் உண்டு. கன்றைச் சுமக்கும் காலத்தில் உண்ட உணவின் சத்து கன்றுக்கும் பாலுக்கும் போய்விடுவதால் கொம்பின் வளர்ச்சி குறைகிறது; அவ்விடத்தில் ஒரு பள்ளம் விழுகிறது. அதுவே கொம்பைச் சுற்றி வளையமாகத் தெரிகிறது. வளையங்களை எண்ணினால் எத்தனை ஈற்று என்று ஒருவாறு சொல்லிவிடலாம். அதனால்தான் சில வியாபாரிகள் கொம்பை நன்றாகச் சீவி, எண்ணெய் தடவிச் சந்தைக்கு ஓட்டி வருகிறார்கள். "கொம்பச் சீவலாம், பல்லச் சீவ முடியுமா?" என்று தாத்தா சிரிப்பார்.

மீனின் வயதும் இவ்வாறே அதன் செதிலிலும், உட்செவியில் உள்ள சிறு கல்லிலும் வளையம் வளையமாகப் பதிகிறது. ஆக, இவ்வுயிர்களிடத்தில் வயது எழுதப்பட்டுத்தான் இருக்கிறது. ஆனால் முகத்தில் எழுதப்படவில்லை. தேடிப் பார்ப்பவர்க்கு மட்டும் தெரியும் இடத்தில் எழுதப்பட்டிருக்கிறது.

உரோமத்துக்குள் ஒளிந்த முதுமை

அப்படியானால் விலங்குகளின் தோல் சுருங்குவதில்லையா? சுருங்குகிறது. அவற்றின் தோலும் நெகிழ்ச்சி இழக்கிறது, மெலிகிறது. ஆனால் மேலே உரோமம் மூடியிருப்பதால் நம் கண்ணுக்குப் படுவதில்லை. எங்கள் வீட்டில் 'மணி' என்றொரு செவலை நாய் இருந்தது. அதற்கு எட்டொன்பது வயதானபோது மூக்கைச் சுற்றியும் தாடையிலும் வெள்ளை ஏறியது. கண்மணியில் நீலம் பாய்ந்தாற்போல் ஒரு மங்கல் வந்தது. படுத்தால் எழுந்திருக்க நேரம் பிடித்தது. இவ்வளவுதான் அதன் முதுமை. உடம்பெல்லாம் பழைய செவலை நிறமே.

உரோமப் போர்வை இல்லாத விலங்கிடம் முதுமை சற்று வெளிப்படையாகவே தெரிகிறது. யானை அதற்குச் சான்று. முதுமலையில் தெப்பக்காடு யானை முகாமைப் பார்க்கச் செல்பவர்கள் யானைகளின் காதைக் கவனிக்கலாம். வயது ஏற ஏறக் காதின் மேல்விளிம்பு மடிந்து வருகிறது. பொட்டுப் பகுதியில் குழி விழுகிறது. பல யானைகளுக்குக் காதிலும் துதிக்கையிலும் கருமை மங்கி இளஞ்சிவப்புப் புள்ளிகள் பரவுகின்றன. பழகிய பாகர்கள் இவற்றைக் கொண்டே வயதை மதிப்பிடுகிறார்கள்.

ஆனால் யானையின் வாழ்நாளை அளப்பதும் முடிவில் பல்தான். மனிதனுக்குப் பால்பல் இருபது, நிலைப்பல் முப்பத்திரண்டு, இருமுறையோடு சரி. யானைக்கோ கடைவாய்ப் பற்கள் வாழ்நாளில் ஆறு தொகுதிகளாக, பின்னிருந்து முன்னோக்கி நகர்ந்து, ஒன்று தேய மற்றொன்று வருகின்றன. ஆறாவது தொகுதியும் தேய்ந்துவிட்டால், பெரும்பாலும் அறுபது வயதைக் கடந்த நிலையில், இரையை மென்று தின்ன முடியாமல் அப்பெரிய உயிர் மெலிகிறது.

நரை என்றால் முதுமை என்ற நம் கணக்கும் விலங்குலகில் பலிப்பதில்லை. ஆண் கொரில்லாவின் முதுகு பன்னிரண்டு வயதை ஒட்டி வெள்ளி நிறம் பெறுகிறது. அது கிழத்தன்மையின் அடையாளமன்று; கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் பருவம் வந்ததன் அடையாளம்! நமக்கு மிக நெருங்கிய உறவான சிம்பன்சியை எடுத்துக்கொள்வோம். அதன் முகத்து உரோமம் நடுவயது வரையில் நரைத்து வருகிறது. அதன்பின் நரை பெரிதாகக் கூடுவதில்லை என்று 2020-இல் வெளியான ஓர் ஆய்வு கூறுகிறது. ஆகவே நரையைப் பார்த்துச் சிம்பன்சியின் வயதைச் சொல்ல இயலாது.

வளையம் மட்டுமே சாட்சி

பறவைகளின் கதை இன்னும் விந்தையானது. அவை பழைய இறகுகளை உதிர்த்துப் புதிய இறகுகளைப் பெறுகின்றன. முழு வளர்ச்சி அடைந்த ஒரு பறவை ஆண்டுதோறும் புத்தாடை உடுத்தி நிற்கிறது என்றே சொல்லலாம்.

1956-ஆம் ஆண்டு, பசிபிக் பெருங்கடலின் நடுவில் உள்ள மிட்வே தீவில், சாண்ட்லர் ராபின்ஸ் என்ற அமெரிக்கப் பறவையியலார் ஒரு பெண் ஆல்பட்ராஸ் பறவையின் காலில் எண் பொறித்த வளையத்தை மாட்டினார். அப்போது அவருக்கு வயது 38. பறவை முட்டையிடும் பருவத்தை அடைந்திருந்ததால் அதற்குக் குறைந்தது 5 வயது இருக்கும் என்று கணித்தார்கள். நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் கழித்து, 2002-இல், அதே தீவில், அதே பறவையின் காலில் மறுபடியும் வளையம் மாட்டும் வாய்ப்பு அவருக்கே கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 83. பறவையோ பக்கத்துக் கூட்டில் இருந்த இளம் பறவைகளோடு வேற்றுமை தெரியாமல் நின்றது. காலில் கிடந்த வளையத்தின் எண்ணைக் கொண்டுதான் அது இன்ன பறவை என்று தெரிந்தது.

'விஸ்டம்' என்று பெயர் பெற்ற அப்பறவையின் கதை அத்துடன் முடியவில்லை. ராபின்ஸ் 2017-இல் தம் 98-ஆம் வயதில் காலமானார். விஸ்டமோ 2024 நவம்பரில் மீண்டும் மிட்வே தீவுக்கு வந்து முட்டையிட்டது. 2025-இன் தொடக்கத்தில் குஞ்சும் பொரித்தது! அப்போது அதற்கு வயது குறைந்தது 74. மனிதப் பெண்களுக்கு ஐம்பதை ஒட்டி மகப்பேறு முடிந்துவிடுகிறது என்பதை நினைத்தால் இதன் அருமை விளங்கும்.

மறுபுறம், முதுமையைக் கண்முன்னே சில வாரங்களில் காட்டி முடித்துவிடும் உயிரும் உண்டு. பசிபிக் சால்மன் மீன் கடலிலிருந்து ஆற்றை எதிர்த்து ஏறி வந்து முட்டையிடுகிறது. உடனே உடல் சிதைந்து மாண்டுபோகிறது. கிழக்கு ஆப்பிரிக்காவில் மண்ணுக்கடியில் வாழும் மயிரற்ற எலி ஒன்றுக்கு இளமையிலேயே தோல் சுருக்கந்தான்! ஆனால் நம் வீட்டு எலி இரண்டு மூன்று ஆண்டுகளில் முடிந்துபோக, அந்த எலி முப்பது ஆண்டுகளுக்கு மேலும் வாழ்கிறது. சுருக்கத்தைப் பார்த்துக் கிழம் என்று முடிவு கட்டுவோர்க்கு இயற்கை வைத்த வேடிக்கை இது.

காட்டில் கிழங்கள் ஏன் அரிது?

காட்டில் வாழும் மானுக்கும் முயலுக்கும் முதுமை வரும்வரை காத்திருக்கப் பகை விலங்கும் பஞ்சமும் நோயும் விடுவதில்லை. ஓட்டத்தில் ஓரடி பிந்தினால் அன்றே முடிவு. இவ்வுண்மையிலிருந்துதான் 1952-இல் வெளியான தம் சொற்பொழிவில் பீட்டர் மெடவார் ஒரு கருத்தை வெளியிட்டார். இவர் 1960-இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். பெரும்பாலான உயிர்கள் இளமையிலேயே விபத்தாலும் பகையாலும் மடிவதால், பிற்கால வயதில் தலைகாட்டும் கேடுகளை இயற்கைத் தேர்வு களைந்தெறிவதில்லை. அவை உடலில் தங்கிவிடுகின்றன. பிழைத்து நீண்ட நாள் வாழ்பவரிடத்தில் முதுமையாக வெளிப்படுகின்றன என்பது அவர் வாதத்தின் சாரம்.

அப்படியானால் ஊரெல்லாம் முதியோர் நிறைந்திருக்கும் ஓர் இனம், தன் மூத்தோரைக் காத்து நிற்கும் இனம் என்றே பொருள். பல்போன கிழவிக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுக்க ஒருவர் இருப்பதால்தான் மனித இனத்தில் பொக்கைவாய்ச் சிரிப்பைக் காண்கிறோம். பல்போன மானின் சிரிப்பைக் கண்டவர் யார்?

மூத்தோரால் கூட்டத்துக்குப் பயன் உண்டு என்பதை விலங்குகளும் காட்டுகின்றன. ஓர்க்கா என்னும் திமிங்கிலத்தில் பெண்கள் நாற்பது வயதை ஒட்டி ஈனுவதை நிறுத்திவிட்டு, அதற்குப் பின்னும் பல பத்தாண்டுகள் வாழ்கிறார்கள். சால்மன் மீன் குறைந்த ஆண்டுகளில் இரை கிடைக்கும் இடத்துக்குக் கூட்டத்தை முன்னின்று அழைத்துச் செல்வோர் பெரும்பாலும் இக்கிழவிகளே என்று 2015-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. கென்யாவின் அம்போசெலியில், வயது முதிர்ந்த தலைவியைக் கொண்ட யானைக் கூட்டங்கள் சிங்கத்தின் முழக்கத்தைக் கேட்டு அபாயத்தை அளப்பதில் தேர்ந்தவையாக இருந்தன என்று 2011-இல் கண்டார்கள். கிழத்தி அறிந்தது கூட்டத்தின் சொத்து!

முகம் நாள்காட்டி ஆகுமா?

இனி மனிதனுக்கு வருவோம். நமக்கு உரோமப் போர்வை இல்லை. ஆண்டுதோறும் மாற்றிக்கொள்ள இறகும் இல்லை. முகம், கழுத்து, கை யாவும் வெளியில் கிடக்கின்றன. தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் புரதமும், இழுத்தால் மீளச் செய்யும் எலாஸ்டின் புரதமும் வயதோடு குறைகின்றன, தோல் சுருங்குகிறது. முடியின் வேரில் நிறம் ஊட்டும் செல்கள் தீர்ந்துபோகின்றன, முடி நரைக்கிறது. கண்ணின் வில்லை கெட்டிப்படுகிறது. நாற்பதைக் கடந்தால் வெள்ளெழுத்து. பின்னர் அவ்வில்லையே மங்கினால் கண்புரை.

இவை ஆண்டுக்கு இவ்வளவு என்று அளந்து வந்தால் மாட்டின் பல்லைப் போல மனிதன் முகத்தையும் படித்துவிடலாம். ஆனால் அப்படி வருவதில்லை என்பதே இக்கட்டுரையில் நான் சொல்ல வந்த செய்தி.

2012-இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் ஒரு மனிதரின் படம் வெளியாயிற்று. 69 வயதான அவர் 28 ஆண்டுகள் சரக்கு லாரி ஓட்டியவர். அந்நாட்டில் ஓட்டுநர் இருக்கை வண்டியின் இடப்புறம். ஆகவே சன்னல் கண்ணாடி வழியாக வந்த வெயில் அவருடைய இடக்கன்னத்தில் மட்டுமே ஆண்டுக்கணக்கில் விழுந்தது. அந்த இடப்பாதி முகம் தடித்து, ஆழமான சுருக்கங்களோடு பெருங்கிழவர் முகமாக இருந்தது. வலப்பாதியோ அவ்வளவு மூப்படையவில்லை. ஒரே மனிதர், ஒரே பிறந்த நாள், முகத்துக்கு மட்டும் இரண்டு வயது! இடக்கன்னத்தில் தெரிந்தது ஆண்டுகள் மட்டுமல்ல. அவர் செய்த தொழிலுந்தான்.

நரையும் அப்படியே. ஆண்டுகள் பல ஆகியும் உமக்கு நரை இல்லையே, ஏன் என்று கேட்டவர்க்குப் பிசிராந்தையார் அளித்த விடை புறநானூற்றில் இருப்பதைத் தமிழ் வகுப்பில் கேட்டிருக்கிறோம். மனைவி மக்களும், பணியாளரும், அரசனும், ஊர்ச் சான்றோரும் நல்லவராக அமைந்ததால் தமக்குக் கவலையில்லை என்பது அவர் சொன்ன காரணம். நரைக்குப் பரம்பரையே பெருங்காரணம் என்கிறது அறிவியல். எனினும், கடுமையான நெருக்கடிக்கு ஆளான எலிகளில் நிறம் ஊட்டும் மூலச் செல்கள் அழிந்து உரோமம் வெளுத்ததை ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-இல் காட்டினார்கள். பிசிராந்தையாரைப் பழைய கற்பனை என்று ஒதுக்குவதற்கு இனி சற்றே யோசிக்க வேண்டும்!

எங்கள் ஊரில் வெயிலுக்கு ஒதுங்காமல் கடலை பிடுங்குகிறவர்களின் முகமும், நிழலில் இருந்து வேலை செய்கிறவர்களின் முகமும் ஒரே வயதில் ஒன்றுபோல் இருப்பதில்லை. நாற்பத்தைந்து வயதான என் அம்மாவைப் பேருந்தில் 'பாட்டி' என்று அழைத்தவர்கள் உண்டு. அழைத்தவர் சட்டையில் மடிப்புக் கலையாத ஒருவர். அம்மாவைவிடப் பத்து வயதாவது மூத்தவராக இருப்பார். அம்மா ஒன்றும் சொல்லாமல் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தார்.

அப்பாயியின் வயது

என் அப்பாயிக்குத் தம் வயது தெரியாது. பிறப்பு இறப்புகளைப் பதிவு செய்வதற்கு நாடு முழுமைக்குமான சட்டம் 1969-இல் இயற்றப்பட்டது. அதற்கு முன் குடிசையில் பிறந்த ஒரு பெண் குழந்தைக்கு எழுத்தில் சாட்சி ஏது? பள்ளிக்கூடத்தையும் அவர் பார்த்ததில்லை. ஆகவே பள்ளிச் சான்றிதழும் இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு முகாமில் அடையாள அட்டை எழுதினார்கள். வயது கேட்டார்கள். இவருக்குச் சொல்லத் தெரியவில்லை. எழுதியவர் ஏதோ ஓர் ஆண்டைப் போட்டு, சனவரி முதல் தேதி என்று முடித்துவிட்டார். அட்டையில் 1970 என்று விழுந்துவிட்டது.

தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 1962-இல் தொடங்கப்பட்டது. 2023-இல் அது மாதம் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அறுபது வயது நிரம்பியிருக்க வேண்டும் என்பது விதி. அப்பாயி மனுக் கொடுத்தபோது அலுவலர் அவர் முகத்தையும் அட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். "பாட்டி, பார்த்தா எழுபத்தஞ்சு மாதிரி இருக்கீங்க. அட்டையில அறுபதே ஆகலையே, நான் என்ன செய்யட்டும்?" என்றார். அவர் குரலில் இரக்கம் இருந்தது. ஆனால் இரக்கத்தை வைத்து மனுவில் முத்திரை குத்த முடியாதல்லவா? மனு திரும்பி வந்தது.

அன்றிரவு அப்பாயியிடம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டேன். தேதி அவர் நினைவில் இல்லை. நிகழ்ச்சிகள் எல்லாம் இருந்தன.

"எனக்கு வயசு என்ன கணக்கு தெரியும் சாமி! திருச்சியே வெள்ளத்துல மெதந்துச்சே ஒரு புயலு, அப்ப உங்கப்பன் எட்டு மாசமா வயித்துல இருந்தான். உங்க அத்தை இடுப்புல இருந்தா. கூரை பிச்சுக்கிட்டுப் போயிருச்சு. அவளத் தூக்கிக்கிட்டுப் பள்ளிக்கூடத்துத் திண்ணைக்கு ஓடுனேன்."

அந்தப் புயல் அடித்தது 1977 நவம்பர். அப்பாவின் பள்ளிச் சான்றிதழில் பிறந்த ஆண்டு 1978. அப்படியானால் அட்டையின் கணக்குப்படி என் அப்பாயி எட்டு வயதில் என் அப்பாவைப் பெற்றிருக்க வேண்டும்; அதற்கும் முன்பே அத்தையைப் பெற்றிருக்க வேண்டும்! வயதுக்கு வந்து இரண்டு ஆண்டுகள் கழித்துத் திருமணம், அதற்கடுத்த ஆண்டு அத்தை என்று அவர் சொன்னதை எல்லாம் கூட்டிப் பார்த்தால் 1957-ஐ ஒட்டிப் பிறந்தவர் என்று வருகிறது.

வயதை மதிப்பிட்டுச் சான்று பெற மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். அந்த அம்மையார் பொறுமையாக விளக்கினார். எலும்பின் முனைகள் ஒட்டுவதையும் கடைசிக் கடைவாய்ப்பல் முளைப்பதையும் கொண்டு ஏறத்தாழ இருபத்தைந்து வயது வரையில் ஓரளவு சரியாகச் சொல்லலாம். அதன்பின் எல்லாம் உத்தேசந்தான் என்றார். அறுபதுக்கு மேல் என்று எழுதிக் கொடுத்தார். அச்சான்றையும் அப்பாவின் பள்ளிச் சான்றிதழையும் இணைத்து, புயல் கணக்கையும் விளக்கி நானே ஒரு மனு எழுதினேன். எங்கள் வீட்டிலிருந்து வீட்டாள் கையாலேயே எழுதப்பட்டுப் போன முதல் மனு அது. மனு இப்போது மேலதிகாரியின் பரிசீலனையில் இருக்கிறது.

முகம் எழுபத்தைந்து என்றது. அட்டை அறுபதுக்குக் கீழே என்றது. வாழ்க்கை அறுபத்தெட்டை ஒட்டி என்றது. மூன்றில் எதை நம்புவது? முகம் கூட்டிச் சொன்ன ஆண்டுகள் வெயிலில் குனிந்து நின்ற ஆண்டுகள். அட்டை குறைத்துச் சொன்ன ஆண்டுகள் யாரும் எழுதி வைக்காத ஆண்டுகள். எங்கள் தொழுவத்து மாட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை. விலை பேசுகிறவன் வாயைத் திறந்து பார்க்கிறான், வயது தெரிகிறது. விற்று வாங்கும் பொருளாக இருந்ததால் மாட்டின் வயதை ஊரே கற்று வைத்திருக்கிறது. அதே வீட்டில் அதே மாட்டுக்குத் தண்ணீர் காட்டிய பெண்ணின் வயதைக் கேட்டு வைக்க ஒருவரும் இல்லாமற் போனார்கள்.

நாம் செய்யத்தக்கது

மாணவ நண்பர்களே! நம் கல்லூரியில் என்னைப் போல் குடும்பத்தின் முதல் பட்டதாரியாகப் போகிறவர்கள் பலர். நம் வீடுகளில் வயது தெரியாத தாத்தாவும் அப்பாயியும் அம்மாயியும் இருப்பார்கள். அவர்களுடைய முகத்தைப் பார்த்து வயதைச் சொல்ல எந்த விலங்கியல் நூலும் வழி காட்டவில்லை. ஆனால் அவர்கள் வாயைத் திறந்து பேசினால் வயது வந்துவிடும். 1964-இல் தனுஷ்கோடியை அழித்த புயலின்போது எங்கே இருந்தீர்கள், 1977 வெள்ளத்தின்போது இடுப்பில் இருந்த பிள்ளை எது, அந்தப் பிள்ளை பள்ளியில் சேர்ந்த ஆண்டு எது என்று நாம் கேட்க வேண்டும். கேட்டதை எழுத வேண்டும். அவர்களுக்கு நினைவு மங்குவதற்குள் எழுத வேண்டும்.

பேராசிரியப் பெருமக்கள் இசைந்தால் இதனை நாட்டு நலப்பணித் திட்டத்தின் வேலையாகவே எடுத்துக்கொள்ளலாம். முகாமுக்குப் போகும் ஊரில் மரம் நடுகிறோம், சாலை செப்பனிடுகிறோம். அவற்றோடு, மாலை வேளைகளில் திண்ணைகளில் உட்கார்ந்து, வயதுச் சான்று இல்லாத முதியோர் ஒவ்வொருவரின் வாழ்க்கைக் கணக்கையும் ஆண்டு வாரியாக எழுதி, வீட்டில் இருக்கும் சான்றிதழ்களோடு ஒப்பிட்டு, உரிய மனுக்களை எழுதிக் கொடுக்கலாம். செலவு ஒன்றும் இல்லை. ஒரு குறிப்பேடும் பேனாவும் கேட்கும் காதும் போதும்.

முதலில் என் ஊரிலிருந்தே தொடங்கலாம் என்றால், எங்கள் தெருவில் மட்டும் பதினோரு பேர் இருக்கிறார்கள். பெயர்ப் பட்டியல் என்னிடம் தயாராக இருக்கிறது.